எண்பத்து நான்கில் நின்ற முள்

ஜூன் 3, திங்கள்

எண்பத்து நான்கு கிலோ. ஐந்து வாரமாக இதே.

பழைய டைரி நேற்றோடு தீர்ந்தது. புதியதில் இது முதல் பக்கம் என்பதால் விவரத்தைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது எடுத்துப் படித்தால் குழம்பக்கூடாது. என் மனைவி சுலோச்சனாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. ஒன்றரை வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மகள் சுகந்தியின் இரத்த வகை சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது. வயது அறுபத்தாறு ஆனாலும் பரவாயில்லை என்றார்கள். எல்லாப் பரிசோதனையும் முடித்த பிறகு கோயம்புத்தூர் டாக்டர் ஒரே ஒரு குறைதான் சொன்னார். நான் அப்போது தொண்ணூற்றொரு கிலோ. "எண்பதுக்குக் கீழ வாங்க சார். வந்ததும் தேதி குறிச்சிடலாம்" என்றார்.

ஜனவரியில் தொடங்கினேன். ஏப்ரலுக்குள் ஏழு கிலோ குறைந்தது. பிறகு முள் நின்றுவிட்டது. நான் ஏதோ தவறு செய்கிறேன். என்ன தவறு என்று தெரியவில்லை.

ஜூன் 5, புதன்

எடை எந்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. முப்பத்து நான்கு வருடம் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்தவன். மனிதர்களைச் சந்தேகிக்கத் தைரியம் வந்ததில்லை, தராசைச் சந்தேகிப்பது பழக்கம். மார்க்கெட் ரோட்டு அரிசி மண்டியில் இரண்டு இருபது கிலோ எடைக்கற்களை இரவல் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். எந்திரத்தில் பிழை இல்லை.

சுலோச்சனா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, முத்திரை குத்தியாச்சுங்களா?"

"மிசின் சரியாத்தான் இருக்குது."

"அந்தக் கல்லைத் தூக்குனதுலயே ஒரு கிலோ கொறைஞ்சிருக்கும். ஏறிப் பாருங்க."

ஏறினேன். எண்பத்து நான்கு. எந்திரம் சரி என்றால் குறை என்னுடையதுதான். அது தெரிந்ததும் முன்பைவிடக் கலக்கமாக இருக்கிறது.

ஜூன் 8, சனி

உணவு ஆலோசகர் கொடுத்த அட்டவணைப்படி காலையில் ராகிக் கூழ், மதியம் ஒரு கரண்டி சோறு, காய், கொள்ளு ரசம், இரவு இரண்டு தோசை. சமையல் சுலோச்சனாதான். டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில்கூட அடுப்படியை விடமாட்டாள். அவளுக்கு வேண்டிய காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட வேண்டும், உப்பு கிடையாது, இளநீர் தேங்காய் எதுவும் ஆகாது. பொள்ளாச்சியில் தோப்புக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியதைத் தனியாகச் சமைக்கிறாள். நான் தட்டை எடை போட்டுத்தான் சாப்பிடுகிறேன். ஒரு பருக்கை கூடுதல் இல்லை.

கொள்ளு ரசம் இன்று மிக நன்றாக இருந்தது. முதல் மூன்று மாதம் சப்பென்று இருந்தது. பத்தியச் சமையலிலும் அவளுக்குக் கைப்பக்குவம் வந்துவிட்டது போலும்.

ஜூன் 11, செவ்வாய்

டயாலிசிஸ். மல்லிகா சிஸ்டர் ஊசியை எடுத்த நேரத்தில் மாத்திரைச் சீட்டு கொடுக்க வேண்டியிருந்ததால் வெளியே போய்விட்டேன். மருந்துக் கடையில் கூட்டம் இல்லை. என்றாலும் அரை மணி நேரம் ஆனது.

ஜூன் 12, புதன்

எண்பத்து நான்கு.

ஜூன் 15, சனி

ஆலோசகர் போன் செய்தார். இளம்பெண், அன்பாகத்தான் பேசுகிறார். "இதைப் பிளாட்டோன்னு சொல்வோம் சார். உடம்பு பழகிக்கிட்டு அப்படியே நின்னுடும். சோர்ந்து போகாதீங்க. நடையை மாத்துங்க, கொஞ்சம் வேகமா நடங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "தப்பா நினைக்காதீங்க சார், நடுவுல ஒளிச்சு மறைச்சு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது உண்மைதான். ஆனால் நான் உண்மையைச் சொல்லும்போதும் பொய் சொல்பவனைப் போலவே இருப்பேன். பணிக்காலத்தில் மேலதிகாரிகள் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 19, புதன்

மூன்று நாளாகச் சாரல். நான் நடக்கும் பள்ளி மைதானத்தில் சேறு. மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வந்த பெண்மணி சிரித்துவிட்டு உள்ளே போனார். நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. எவ்வளவு நடந்தாலும் அதே எண். என்ன பலன்? பிறகு சுலோச்சனாவின் கால் வீக்கத்தை நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நடந்தேன்.

கீழே வந்ததும் கூழ் கொடுத்தாள். மணமாக இருந்தது. இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். அளவுதான் என்றேன். அளவாகவே ஊற்றினாள்.

ஜூன் 26, புதன்

கோயம்புத்தூர் போய்வந்தோம். டாக்டர் முகம் சரியில்லை. சுலோச்சனாவின் இடது கையில் டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்கள். அது சுருங்கிக்கொண்டு வருகிறதாம். ஒருமுறை சரிசெய்து பார்க்கலாம், அதுவும் அடைத்தால் கழுத்தில் குழாய் போட வேண்டும், அதில் கிருமி பயம் அதிகம் என்றார். "ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சா நல்லது. உங்க எடை எங்க சார் நிக்குது?" என்றார். சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஜெசிந்தா என்ற அம்மாள் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். உறுப்பு கொடுக்கிறவர்களிடம் தனியாகப் பேசுவது இங்கே வழக்கமாம். கதவைச் சாத்தினார்.

"பயமா இருக்கா சார்?"

"இல்லீங்க."

"இருந்தாத் தப்பில்ல. மனசு மாறுனவங்க நிறையப் பேரு இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க. வீட்டுக்காரங்ககிட்ட நாங்க அதைச் சொல்ல மாட்டோம். உடம்பு ஒத்துக்கலைன்னு மட்டும்தான் சொல்வோம். உங்களுக்கு எடைன்னு ஒரு காரணம் கையிலயே இருக்கு. யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க."

பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சுலோச்சனா பெஞ்சில் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னங்க கேட்டாங்க?" என்றாள். பொதுவாகப் பேசினார்கள் என்றேன். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கிணத்துக்கடவு வரை மழை.

ஜூன் 29, சனி

தட்டை எடை போட மறந்துவிட்டேன். நேற்றும் மறந்தேன்.

ஜூலை 1, திங்கள்

எண்பத்து நான்கரை. கூடியிருக்கிறது. இதைப் பார்த்ததும் மனம் பதறியிருக்க வேண்டும். பதறியது என்றுதான் எழுத வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

சுகந்தி திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து, இணைப்பு இருக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே இரத்தம் ஓடும் சத்தம் முன்பு நன்றாகக் கேட்கும். "சின்னதா கேக்குதும்மா" என்றாள். சுலோச்சனா கையை இழுத்துக்கொண்டாள்.

மதியம் எனக்கு வைத்திருந்த கொள்ளு ரசத்தில் ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, இதுல என்ன ஊத்துனே?"

"கொள்ளு, மொளகு, சீரகம்."

"தேங்காப் பால்?"

"பொள்ளாச்சியில கொழாத் தண்ணியிலயே தேங்கா வாசம் அடிக்கும். போ, போயிச் சோத்தைப் போட்டுட்டு வா."

சுகந்தி சோறு போடப் போகவில்லை. அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். ராகி மாவு இருந்த டப்பாவில் வறுத்த கடலைப் பொடி பாதிக்குப் பாதி கலந்திருந்தது. நெய்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மே மாசம் நிறையக் கொண்டாந்து வெச்சேன், நீ தொடக்கூடாது, அப்பா தொடக்கூடாது, பேரனுக்கு மட்டும்னு. அவன் வந்து நாப்பது நாளாச்சு. இது அடியில ஒட்டிக்கிட்டு இருக்குது. எலி குடிச்சுதாம்மா?"

சுலோச்சனா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

சுகந்தி என் பக்கம் வந்தாள். "ஏனுங்கப்பா, ரெண்டு மாசத்துக்கு மேல இதைத்தானே சாப்புடறீங்க. நாக்குக்குத் தெரியலீங்களா?"

"நான் எடை போட்டுத்தான்மா சாப்பிட்டேன்."

"எடை போட்டீங்க, சரி. அதுக்குள்ள என்ன கெடக்குதுன்னு பாக்கலீங்களா?"

"கலப்படம் எங்க துறை இல்லம்மா. அது உணவுத் துறை பார்க்கறது."

நான் கேலியாகச் சொல்லவில்லை. பயத்தில் வாயில் வந்தது அதுதான். சுகந்தி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாகோணும்னு ஆசையாம்மா உனக்கு?"

"எனக்கு ஒண்ணு வேணும்ங்கறதுக்கு அவரை அறுக்கோணுமாக்கும்" என்றாள் சுலோச்சனா, குழாயை நிறுத்தாமலே.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சுகந்தி நெய்ச் செம்பையும் கடலைப் பொடி கலந்த மாவையும் பையில் போட்டுக்கொண்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். அவள் அப்படிப் போனது இதுதான் முதல் தடவை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று ஊசி போடும்போது வெளியே போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஊசி நான் நினைத்திருந்ததைவிடத் தடிமன். இரண்டாவது ஊசியின்போது சுவர் சாய்ந்தது. மல்லிகா சிஸ்டர் என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, "ஐயாவுக்கும் ஒரு பெட் போட்டுரலாமுங்களா?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். எந்திரம் ஓடத் தொடங்கியது. சுலோச்சனா நான்கு மணி நேரத்துக்கு எழுந்து போக முடியாது. கேட்பதென்றால் இப்போதுதான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"எதுக்கு சுலோச்சனா அப்படிப் பண்ணினே?"

"எதுக்குன்னு தெரியாதாக்கும்."

"எனக்கு ஏதாவது ஆயிரும்னு பயந்துட்டியா?"

"எனக்கென்னங்க பயம். பயம் உங்களுக்கு." கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். "அந்த டாக்டரு எந்த எடத்துல அறுப்போம்னு கோடு போட்டுக் காட்டுனாரே, அப்ப உங்க கையைப் பார்த்தேன். பேப்பரு தானா ஆடுச்சு. அதுக்கப்புறம் தூக்கத்துல 'வேண்டாங்க, வேண்டாங்க'ன்னு ஒரே பொலம்பல். என்னைய எப்பவாச்சும் நீங்க 'ங்க' போட்டுப் பேசியிருக்கறீங்களா? அப்பத்தான் புரிஞ்சுது, கனவுல டாக்டரு வந்திருக்காருன்னு."

போர்வையை அவள் கால் வரை இழுத்துவிட்டேன்.

"கல்யாணம் ஆயி நாப்பது வருசமாச்சு. ஒருத்தருக்கு முன்னாடி முடியாதுன்னு நீங்க சொல்லி நான் கேட்டதில்ல. இதையும் சொல்ல மாட்டீங்க. வேர்த்து வேர்த்துப் போயிப் படுத்துக்குவீங்க. சரி, உங்களுக்குப் பதிலா அந்த எடை மிசினே சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப உனக்கு?"

"எனக்கு இந்த மிசின் இருக்குது. ஓடற வரைக்கும் ஓடட்டும்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கவும் இல்லை. எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. எந்திரம் நிற்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன்

ஜூன் 26 எழுதியதில் ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். ஜெசிந்தா அம்மாளிடம் நான் சொன்ன பதில் இது: "ஆகஸ்ட் வரைக்கும் பார்க்கறனுங்க. குறையலைன்னா நீங்க சொன்ன மாதிரியே சொல்லிடுங்க." சொன்னதும் அந்த அம்மாள் தலையை ஆட்டினார். என் முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. கதவைத் திறந்தால் பெஞ்சில் இவள்.

ரசத்தைப் பற்றியும் எழுத வேண்டும். நானும் பொள்ளாச்சிக்காரன்தான். தேங்காய்ப் பாலின் ருசி எனக்குத் தெரிந்திருக்கலாம். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்று முதல் என் சாப்பாட்டை நானே செய்துகொள்கிறேன். சுலோச்சனாவிடம் சொன்னேன். "செய்ங்க" என்றாள். ராகிக் கூழ் அடிபிடித்துக் கட்டி கட்டியாக வந்தது. எட்டிப் பார்த்தவள், "இதைத் தின்னா எடை போகாது, ஆளே போயிருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு எதுவும் பேசவில்லை. அவள் கோபமாக இருக்கிறாள். தான் எனக்குத் திறந்து வைத்த கதவை நானே சாத்துகிறேன் என்ற கோபம் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

ஜூலை 15, திங்கள்

எண்பத்து நான்கு. உப்பு போட மறந்த கீரை. சாப்பிட்டுவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

எண்பத்து மூன்று புள்ளி நான்கு.

இரண்டு தடவை இறங்கி ஏறிப் பார்த்தேன். முள் அசைந்துவிட்டது. இரண்டரை மாதமாகக் காத்திருந்தது இதற்குத்தான். காலையில் கூழ் இறங்கவில்லை. பயத்திலேயே இன்னும் அரைக் கிலோ குறையும்போல இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

சுலோச்சனாவை எந்திரத்தில் இணைத்ததும் ஆஸ்பத்திரி வாசல் மரத்தடிக்கு வந்து கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். முதல் முறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அடுத்த முறை அந்த அம்மாளே எடுத்துவிட்டார். பெயரைச் சொன்னேன்.

"ஆறுச்சாமி சாரா? சொல்லுங்க."

"அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னனுங்க. எடை குறையலைன்னா அப்படியே சொல்லிடுங்கன்னு. அதை எடுத்துடுங்க."

"அதை நான் எங்கயும் எழுதலை சார். எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும்." பிறகு, "பயம் போயிடுச்சா?" என்றார்.

"இல்லீங்க."

"யாராவது வற்புறுத்துறாங்களா?"

"வேண்டாம்னுதானுங்க வற்புறுத்தறாங்க."

அவர் சிரித்தது கேட்டது. பயத்தோடு வருகிறவர்களுக்கு மயக்க மருந்து டாக்டர் தனியாக நேரம் ஒதுக்கிப் பேசுவார் என்றும், அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை என்றும் சொன்னார். போனை வைத்த பிறகும் மரத்தடியிலேயே நின்றேன். ஒருவரிடம் பயம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அவர் என்னை ஒன்றும் நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜூலை 26, வெள்ளி

கையின் இணைப்பைச் சரிசெய்தார்கள். இப்போதைக்கு ஓடுகிறது. எத்தனை நாள் என்று சொல்ல முடியாதாம்.

எண்பத்து இரண்டு புள்ளி எட்டு.

ஜூலை 28, ஞாயிறு

சுகந்தி போனில் கூப்பிட்டாள். என்னிடம் பேசினாள். எடையைக் கேட்டாள். சொன்னேன். பிறகு, "அப்பா, கூழை அடுப்புல வெச்சுட்டுப் பேப்பர் படிக்காதீங்க. அதான் கட்டி விழுகுது" என்றாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

எண்பத்து இரண்டு. டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் சுலோச்சனாவிடம் சொன்னேன். மத்தியானம் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நான் வர மாட்டேன்" என்றாள். "வாங்கிக்கறவ நானு. நான் வேண்டாம்னா யாரு வெக்க முடியும்?"

"யாரும் வெக்க முடியாது."

"அப்புறம்?"

"ஜூன் மாசமே நான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன், சுலோச்சனா. அந்த ஜெசிந்தா அம்மாகிட்ட. நீ வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தே. நாப்பது வருசத்துல ஒருத்தர் முன்னாடி முடியாதுன்னு சொல்லலைன்னியே, சொன்னேன். உனக்குத் தர முடியாதுன்னுதான் சொன்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "அதுலயே நிக்க வேண்டியதுதானே."

"நிக்க முடியலை. உன் கையில காதை வெச்சு சுகந்தி கேட்டாளே, அதைப் பார்த்த பின்னாடி முடியலை. பயம் போகாது. போகற வரைக்கும் காத்திருந்தா உன் கை காத்திருக்காது. பயத்தோடயே வர்றேன்."

"ஊசியைப் பார்த்தே சாயறீங்க. அங்க போயி மயக்கம் போட்டு உழுந்தா என்னங்க பண்றது?"

"படுக்க வெச்சுத்தானே அறுப்பாங்க. உழறதுக்கு எடமில்ல."

முதலில் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, நான் தண்ணீர் கொண்டுவந்தேன். டாக்டர் குறித்த அன்றைய தண்ணீர் அளவில் மிச்சம் இருந்தது இரண்டு மடக்குதான். அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்று திரும்பவும் சொல்லவும் இல்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

எண்பத்து ஒன்றரை. பயமாக இருக்கிறது.

மதியத்துக்குச் சுரைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். சுலோச்சனா வந்து பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து, "தோலோட பாதிக் காயும் போகுது, இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள். சீவி, நறுக்கி, வாணலியில் போட்டாள். எண்ணெய்ப் புட்டியை மட்டும் எடுக்கவில்லை. ஒரு தேக்கரண்டியை என் கையில் கொடுத்து, "நீங்களே அளந்து ஊத்துங்க" என்றாள்.